அரை மணி பிந்திய மணிக்கூடு

போன கிழமை, கொம்பியூட்டரில் செருகிக் கேட்கிற ரேடியோ ஒன்று வாங்கினேன். பெருவிரல் அளவுதான் இருக்கும். அன்டெனாவை ஜன்னலில் தொங்கவிட்டு, ஆசையோடு ஒரு ஸ்டேஷனைப் பிடித்தால்... செய்தி வாசிப்பவர் தூக்கத்தில் பேசுகிறவர்போல இழுக்கிறார்!

பழுது ரேடியோவில் இல்லை, ஓர் எண்ணில். ஒலியைக் கொம்பியூட்டர் செக்கனுக்கு இத்தனை ஆயிரம் துண்டு என்று வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். சாம்பிள் ரேட் என்பார்கள். வெட்டின வேகத்திலேயே திரும்ப ஓட்ட வேண்டும். குறைத்து ஓட்டினால் குரல் இழுபடும், தடிக்கும். எண்ணை மாற்றினேன். மனுஷன் விழித்துக்கொண்டார்.

நான்தான் விழிக்கவில்லை. மனம் வெள்ளவத்தையில் இருந்த பழைய பிளாட்டுக்குப் போய்விட்டது.

யுத்த காலம். மேல்மாடியில் யோகக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கொம்பனியில் கிளார்க். கணவர் சிவபாலனுக்கு வன்னியில், ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பாதை பூட்டு. டெலிபோன் கிடையாது. ஆறு மாதமாகக் கடிதமும் இல்லை. அக்கா பின்னேரங்களில் கடல் பக்க ஜன்னலில் நின்று, தெஹிவளைப் பக்கம் போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிறு காலை, கையில் ஒரு சி.டி.யோடு இறங்கி வந்தார். நிறுவனத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். மேலே 'பக்திப் பாடல்கள்' என்று எழுதியிருந்தது. வேறென்ன எழுதுவது? வழியில் எத்தனை ஆமிச் செக்பொயின்ற்!

"தம்பி, அவற்ற குரல் இருக்காம். ஒருக்காப் போடுமன்."

போட்டேன். தடித்த, களைத்த ஒரு குரல் மெல்ல மெல்லப் பேசியது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழும்பிவிட்டார்.

"இது அவரில்லை."

"என்னக்கா, உங்கட பேரைச் சொல்லித்தானே கதைக்கிறார்?"

"பேர் ஆரும் சொல்லலாம். இது ஆரோ வயசான ஆள். இல்லாட்டி... அவருக்கு என்னவோ நடந்திட்டுது. எனக்கு ஒளிக்கினம்."

கண் நிறைந்துவிட்டது. அந்த நாட்களில் இப்படியான பயங்கள் பெரும்பாலும் பொய்ப்பதில்லையே!

வழக்கமாக ஒலி பைலின் தலைப்பிலேயே அதன் ரேட் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. சிவபாலன் அண்ணை அவசரத்தில் எப்படியோ சேவ் பண்ணியிருக்கிறார். நான் குத்துமதிப்பாக, பாட்டு சி.டி.க்கு உரிய ரேட்டைக் கொடுத்திருந்தேன். அது பிழையோ? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அக்காவுக்குப் பிடித்த குரல் வந்ததும் நிறுத்தினால், அது அவரென்று ஆகிவிடுமா?

கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கேட்டேன். குரலுக்குப் பின்னால், மிகத் தொலைவில்... டிக். டிக். டிக். அவர் இருந்த அறையில் ஒரு சுவர் மணிக்கூடு!

ரேடியோக்காரர்கள் இதைக் கிளொக் ரிக்கவரி என்பார்கள். அனுப்புகிறவரின் மணிக்கூடு நம் கையில் இல்லை. வந்த ஒலிக்குள்ளேயே அதன் துடிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது டிக் எண்ணினேன். அறுபது செக்கனில் முடிய வேண்டியது, அறுபத்தைந்து எடுத்தது. அதாவது, வன்னியின் ஒரு நிமிடத்தை நான் வெள்ளவத்தையில் இழுத்துக்கொண்டிருந்தேன்!

கணக்குப் பார்த்து ரேட்டைக் கூட்டினேன். டிக்குகள் செக்கனுக்கு ஒன்றாக வந்து விழுந்தன.

"இஞ்சாரும் யோகம், நான் நல்லா இருக்கிறன். பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒவ்வொரு நாளும் வெளியில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறனான். அந்த நேரம் நீரும் குடியும். ரெண்டு பேரும் சேந்து குடிச்ச மாதிரி..."

"ஓம் தம்பி" என்றார் அக்கா. "அவர்தான்."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

அன்றிலிருந்து ஐந்தடித்தால் மேல்மாடி ஜன்னலில் தேத்தண்ணிக் கோப்பை. கீழே ரயில் போகும், கடல் பொன்னாகும், அக்கா யாருடனோ கதைக்கிற முகத்தோடு உறிஞ்சுவார். பதினைந்து நாள் இருக்கும். திடீரென்று படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"ஐயோ தம்பி! அங்க பழைய நேரமெல்லோ!"

மறந்தே போனோம். மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியிருந்த காலம் அது. அரசாங்கத்தின் கைக்கு எட்டாத வன்னி தள்ளவில்லை. அங்கே ஐந்து என்றால் இங்கே ஐந்தரை. பதினைந்து நாளும் அக்கா தனியாகத்தான் குடித்திருக்கிறார்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு.

அன்றைக்கே வீட்டு மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தார். அதைப் பார்த்து ஏமாந்து நான் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். "கொழும்பு நேரத்துக்கு மாத்துங்கோவன் அக்கா" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன்! அவர் கை வைக்கவே இல்லை.

பிறகொரு நாள் பாதை திறந்தது. சிவபாலன் அண்ணை வந்தார், மெலிந்து கறுத்து. ஓமந்தைச் செக்பொயின்றிலேயே கைக்கடிகாரத்தைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றிவிட்ட கெட்டிக்காரர். பையைத் தூக்கி வந்த நான் வாசலில் நிற்கிறேன். இத்தனை காலத்துக்குப் பிறகு உள்ளே வந்தவர், முதலில் சுவரைப் பார்த்தார்.

"இஞ்சாரும், உம்மட மணிக்கூடு அரை மணி பிந்தியெல்லோ ஓடுது?"

அக்கா ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"அது பிந்தேல்லை. இவ்வளவு நாளும் உங்களோட இருந்தது."