கரிக்கோடு போட்ட முட்டைகள்

1921 ஆகஸ்ட் 14, காலை ஏழு மணி. முட்டை ஆறு.

காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கும் மனைவிக்குத் தெம்பு வேண்டும். கேரட்டும் லீக்ஸும் வதக்கி, முட்டை ஊற்றி, மூடிபோட்டுக் கனமான ஆம்லெட் செய்யலாமென்று கங்காணியின் மனைவி பாக்கியம் அக்காவிடம் வாங்கினேன்.

மூன்றில் கரிக்கோடு. புதிதாக இடுவதோடு கலந்துவிடாமலிருக்க, அடைவைத்த முட்டைக்குத்தான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கோடு போடுவார்கள். விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இரத்த நரம்பு ஓடுகிறது.

நேரே போய்க் கேட்டேன்.

"என்னக்கா, குஞ்ச விக்கிறீங்களா?"

"ஐயோ தம்பி! கோடு போட்ட மூணும் ஒங்களுக்கு எடுத்து வச்சதுன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரரு மாத்தி வச்சுட்டாரு. கோழி இப்ப ஒங்க முட்ட மேல ஒக்காந்திருக்கு."

"காலைப் பெரட்டுல அவரு வேலைக்கு ஆள் எண்ணுறதும் இப்படித்தானா?"

"அத விடுங்க, சூடு ஆறுறதுக்குள்ள குடுங்க. செத்துரும்!"

உள்ளே கங்காணி சிரிக்கும் சத்தம் கேட்டது. தொழிற்சாலையில் இஞ்சின் பார்க்கிற எனக்கு, சிரிப்போடு வரும் விளக்கம் எதுவும் பிடிப்பதில்லை. நீங்களாயிருந்தால் நம்புவீர்களா?

நான் செய்யப்போவது:

1. கோடு போட்ட மூன்றையும் உடனே கோழிக்கடியில் வைப்பேன்.
2. அங்கிருக்கும் கோடில்லாத மூன்றை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைப்பேன்.
3. ஆம்லெட்டின் முதல் துண்டு கங்காணிக்கு. அவர் முழுங்கிய பிறகுதான் என் மனைவிக்கு.