இருமலோடு எடுத்த பாடம்

ஜெயபாய் டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எடுத்த பாடத்தைப் பாதியில் விடமாட்டாள். அந்தப் பழக்கம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

இராஜாக்கமங்கலம் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பாள். கொரோனாவில் பிள்ளைகளெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்த அந்த வருஷமும் ஆசிரியர்கள் மட்டும் பள்ளிக்கு வரவேண்டும் என்றது நிர்வாகம். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு செல்போனில் பாடம் எடுக்கவேண்டும். இதை வீட்டிலிருந்தே எடுத்தால் என்ன என்று கேட்க எல்லாருக்கும் ஆசைதான். பூனைக்கு யார் மணி கட்டுவது?

ஜெயபாய் வாய் திறக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. மகள் ஜினி கோயம்புத்தூரில் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டி வரலாமென்றால், இந்த நேரத்தில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். மருமகனுக்குத் தாய் இல்லை. பேறுகாலத்தில் ஜினிக்குக் கூட நிற்க அம்மாவை விட்டால் ஆளில்லை. அதற்காகவே லீவை ஒவ்வொன்றாக மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். பல்வலிக்குக்கூட அதைத் தொட்டதில்லை. நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டால் கேட்கிற நேரத்தில் அதைத் தரமாட்டார்கள்.

ஆகஸ்டில் அவளுக்கே காய்ச்சல் வந்தது. கொரோனாதான் என்று முடிவும் வந்துவிட்டது. ஆனால் லீவைப் பற்றிப் பயமில்லை. கொரோனா வந்தவர்களுக்குத் தனி லீவு உண்டு, சொந்த லீவில் கை வைக்கமாட்டோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்ததைத் தலைமையாசிரியர் ஞானதாசன் கூட்டம் போட்டு வாசித்திருந்தார். மனுஷி பேசாமல் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கலாம். கிடந்தாளா? சுவாசம் என்ற பாடம் பாதியில் நின்றது. படுக்கையில் சாய்ந்தபடி ஆடியோவாகப் பேசி வகுப்பு குரூப்பில் போட ஆரம்பித்தாள்.

கஞ்சியோடு வாசலில் நின்ற கணவர் ராஜையனுக்குக் கோபம் வந்தது.

“ஏட்டி, உனக்கே மூச்சு விட முடியல்ல. இதுல பிள்ளேளுக்கு மூச்சுப் பாடமா? போனைக் கீழ வையி.”

“கொஞ்சம்தான் பாக்கி. முடிச்சிட்டுப் படுக்கேன்.”

உதரவிதானம் கீழே இறங்கும்போது நுரையீரல் விரியும் என்பாள். உடனே இருமுவாள். மறுபடி முதலிலிருந்து சொல்வாள். பெமிலா என்ற பிள்ளை குரூப்பில் எழுதினாள்: ‘டீச்சர், சுக்குக் காப்பி குடிங்க.’

குணமாகிப் பள்ளிக்குப் போனபோது ஞானதாசன் அறைக்கு அழைத்தார்.

“தப்பா நினைக்கப்பிடாது டீச்சர். உங்களுக்குத் தனி லீவு இல்லேன்னுட்டாங்க. சீக்காளி பாடம் எடுப்பாளான்னு மேனேஜ்மென்ட்ல கேக்காங்க. குரூப்புல உங்க சத்தம் கெடக்கே.”

“அப்பம் வேலை பாத்தேன்னு எழுதுங்க சார்.”

“அதெப்படி? இங்க வந்து கையெழுத்துப் போடல்லியே.”

“சீக்காளியும் இல்ல, வேலை பாத்தவளும் இல்ல. பின்ன நான் எங்க சார் போயிருந்தேன், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கா?”

ஞானதாசன் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, சொந்த லீவில் கழித்தாயிற்று, இனி ஒன்றும் மிச்சமில்லை என்றார். ஜெயபாய் போனை எடுத்து அந்த ஆடியோவைப் போட்டாள். இருமல், இளைப்பு, நடுவில் தண்ணீர் குடிக்கிற சத்தம், எல்லாம் கேட்டது. அவர் முழுவதும் கேட்டார்.

“பாடம் தெளிவாத்தான் இரிக்கு டீச்சர்” என்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். மற்ற ஆசிரியர்கள் அவளைத் தனியாகப் பார்த்து ‘அநியாயம்’ என்று முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியர் அறைக்குள் வந்து சொல்ல ஒருவரும் இல்லை. வீட்டில் ராஜையன் “நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்றார். அதற்கு அவருக்கு இரண்டு நாள் சோற்றோடு முறைப்பும் கிடைத்தது.

ஜனவரியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஜினி கூப்பிட்டாள். “அம்மா, வலி தொடங்கிற்று. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வாறியா?”

ஞானதாசனிடம் போனில் கேட்டாள். லீவு இல்லையே என்றார். மீறிப் போனால் வேலைக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் சொன்னார். ஜெயபாய் பையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் பஸ் ஏறினாள். ஆரல்வாய்மொழி தாண்டும்போது அவரே மறுபடி கூப்பிட்டார்.

“டீச்சர், ஏழாம் வகுப்புப் பிள்ளேள் காத்திருக்கு. பஸ்ஸுல இருந்தே ஒரு ஆடியோ போட்டிருங்க. நான் மேலிடத்துல எப்படியாவது சொல்லிப் பாக்கேன்.”

குரூப்பைத் திறந்தாள். நேற்று எடுத்த பாடம் பாதியில் நின்றது. விரல் பழக்கதோஷத்தில் மைக் மேல் போய்விட்டது. ஆகஸ்டில் வந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது.

“வேண்டாம் சார். பாடம் எடுத்தா, நான் எனக்க பிள்ளைக்க பேறுகாலத்துக்கே போகல்லேன்னு எழுதிருவீங்க.”

போனை வைத்தாள். குரூப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘டீச்சர், பாடம் இல்லியா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் பதில் போடவில்லை. கடைசியாகப் பெமிலா எழுதினாள்: ‘டீச்சருக்கு மறுபடியும் காய்ச்சலா? பாடம் பொறவு போதும். ரெஸ்ட் எடுங்க டீச்சர்.’

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு லீவு கொடுத்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். ஜெயபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.