வளையம் ஒன்பதில் நின்றது

மயக்க ஊசித் துப்பாக்கியில் மாட்டிக் குறி பார்க்கவென்று வந்த ஸ்கோப், எங்கள் அலுவலக அலமாரியில் பிரிக்கப்படாமலே பல மாதங்கள் கிடந்தது. ஒற்றைக் காட்டெருமை ஒன்று மலையை விட்டு இறங்கி, கச்சிராயபாளையத்துக் கரும்புக்குள் புகுந்து பத்து நாள் ஆன பிறகுதான் அதன் நினைவு வந்தது. ரேஞ்சர் பெட்டியை என் மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்த சிறு புத்தகத்தை நாலு பக்கம் புரட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார்.

“எல்லாம் இங்கிலீஷா இருக்குது. நீ படிச்சு மாட்டிடும்மா.”

நான் வனக்காப்பாளர். அந்தப் பத்து நாளும் கரும்பு ஓரத்தில் நின்றிருந்தேன். காலையில் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தை விரட்ட வேண்டும். பகலில் மாடு எந்தப் பாத்தியில் படுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாயங்காலம் மறுபடியும் கூட்டம். பொட்டலச் சோற்றை நின்றுகொண்டே தின்றேன். ஷூவைக் கழற்றினால் வாய்க்கால் தண்ணீரில் ஊறிய கால்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்த அசதியில் பொடி எழுத்துப் புத்தகத்தைப் பார்த்ததும் சலிப்புத்தான் முதலில் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் எட்டு வயதிலிருந்தே தெருவுக்கெல்லாம் படித்துச் சொல்கிறவளாகிவிட்டேன். மாத்திரை அட்டை, பேங்கு விண்ணப்பம், நோட்டீஸ், பிற்பாடு போனில் வரும் மெசேஜ், எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுவார்கள். படித்துச் சொன்னதும் அம்மா பக்கத்தில் நின்று, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் அலுப்பு அலுப்புத்தான். பட்டம் வாங்கி, சீருடை போட்ட பிறகும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஸ்கோப்பைப் பொருத்த எனக்கு இரண்டு நாள் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வரவேண்டிய கால்நடை டாக்டர் போனில் முதலிலேயே சொல்லிவிட்டார்: “மருந்து ரெண்டு ஊசிக்குத்தான் இருக்குதும்மா. அதுக்கு மேல கேட்டா வர ஒரு வாரம் ஆவும்.” ஒரு வாரத்துக்கு அந்த மாடு அங்கே உயிரோடு இருக்காது. கரும்பு வெட்டு நின்று போயிருந்தது. ஜனங்கள் பொறுமை இழந்திருந்தார்கள். வரப்பில் கம்பி கட்டி கரண்ட் விட்டால் என்ன என்று இரண்டு பேர் பேசிக்கொண்டதை நானே காதால் கேட்டேன். ஆக, அந்த மாடு மலைக்குத் திரும்புவது இரண்டு ஊசியில் இருந்தது.

முதலில் இரண்டு பிடி வளையங்களை முடுக்கி ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் உட்கார வைத்தேன். உள்ளே தெரியும் சிலுவைக்கோடு சாயாமல் நிற்க வேண்டும். அதற்கு, அலுவலகத்துச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேராகக் கோட்டைத் திருப்பினேன். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணிலிருந்து நாலு விரல் தள்ளியிருந்தால் வட்டம் முழுசாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தேன். அதற்குக் கிட்டே போனாலும் தூரம் போனாலும் ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும்.

பிறகு உரச் சாக்கில் வைக்கோலைத் திணித்து வேலியில் சாய்த்துவைத்தேன். குறிக்கு ஒரு புள்ளி வேண்டியிருந்தது. கையில் வேறு ஒன்றும் இல்லாததால் என் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். ஜீப் டிரைவர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா தங்கச்சி, சாக்குக்குப் பொட்டு வெச்சு கல்யாணம் பண்ணி வெக்கப் போறியா?”

“மாப்பிள்ளை நீங்கதாண்ணா. பக்கத்துல போய் நில்லுங்க, மொத ஊசி உங்களுக்குத்தான்.”

“வேணாந்தாயி, எனக்கு ஏற்கெனவே ஒண்ணு மயக்கம் குடுத்துக்கினு வூட்ல இருக்குது.”

மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பழகு ஊசிகள் ஆறு இருந்தன. இருபது மீட்டரில் நின்று சுட்டேன். முதல் ஊசி பொட்டுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஸ்கோப்பின் பக்கத்துக் குமிழைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று ஒவ்வொரு பல்லாக நகரும். எத்தனை பல்லுக்கு எத்தனை விரல் நகர்கிறது என்று எழுதிக்கொண்டு, மறுபடியும் சுட்டு, நடந்துபோய் ஊசியைப் பிடுங்கி, தண்ணீர் நிரப்பி, திரும்பி வந்து சுட்டேன். அந்த நடைதான் ஆளைக் கொன்றது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஊசி பொட்டின் மேலேயே விழ ஆரம்பித்தது.

நாற்பது மீட்டரில் ஊசி வெகுவாகத் தாழ்ந்துவிடும். தோட்டாவைப் போல் இல்லை. அது கனமானது, மெதுவானது. சிலுவையின் கீழ்க்காலில் இருக்கும் சிறு கறுப்புப் புள்ளிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. முப்பதுக்கு இரண்டாம் புள்ளி, நாற்பதுக்கு நாலாம் புள்ளி என்று சுட்டுச் சுட்டுத்தான் கண்டேன்.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்கோப்பின் பின்பக்கம் ஒரு வளையம் இருக்கும், மூன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு. அதைத் திருப்பினால் எதிரில் இருப்பது பெரிதாகும். புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கும். நாலில் வைத்தபோது ஒரு சாண் உயரத்தைக் காட்டிய இடைவெளி, ஒன்பதில் அரைச் சாணைக்கூடக் காட்டாது. என் புள்ளிக் கணக்கெல்லாம் வளையம் நாலில் இருக்கும்வரைதான் செல்லும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்துத்தான் எனக்கே விளங்கியது.

புள்ளிகளையும் மீட்டரையும் ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டினேன். வளையத்தின் எண்ணை எழுதவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். நான்தான் கூடவே இருக்கப்போகிறேனே, இதை இன்னொருத்தருக்கு எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு விஷயமாவது என் தலைக்குள் மட்டும் இருக்கட்டும் என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் டாக்டர் வந்துவிட்டார். மாடு பாதி வெட்டிய தோட்டத்தின் ஓரத்தில் நின்றது. டாக்டர் ஜீப்பின் பின்னால் மருந்தை அளந்துகொண்டிருந்தார். கரும்பு வெட்ட வந்த பெண்கள் தூரத்து வரப்பில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அவர்களோடு இருந்தாள். எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். அங்கிருந்து அந்தக் கூட்டத்தோடு வெட்டுக்கு வந்திருந்தாள்.

ஊசி போடாத துப்பாக்கியோடு நான் அந்த வரப்பைத் தாண்டியபோது ஒருத்தி கேட்டாள்: “ஏங்க்கா, உம்பொண்ணு தோள்ல மாட்டிக்கினு போவுதே, அத சுடத் தெரியுமா, சும்மா தூக்கத்தானா?”

“அந்தக் கண்ணாடிய மாட்டுனதே அவதான். இங்கிலீஷ்ல படிச்சு மாட்டுனா” என்றாள் அம்மா. அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் நடந்து போயிருக்கலாம்.

நான் நின்றேன். வரப்பு மேட்டில் துப்பாக்கியை வைத்து, “வந்து பாரும்மா” என்றேன். யாருக்கும் தரக் கூடாது என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். நேற்றிலிருந்து கேட்ட அத்தனை பேரையும் விரட்டியவள் நான்.

“கருப்பாத்தாண்டி இருக்குது. இன்னாத்தப் பாக்கறது?”

“கண்ண ஒட்டாதம்மா. நாலு வெரல் தள்ளி வெய்யி.”

“இப்ப தெரியுது. என்னாவோ எறும்பாட்டம் நிக்குது.”

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. நான் வளையத்தைப் பிடித்து ஒன்பது வரை திருப்பினேன்.

“அம்மாடி!” என்று அவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். மறுபடியும் கண்ணை வைத்தாள். “இம்மாம் பெருசா! காதுல ஈ மொய்க்கறது கூடத் தெரியுதுடி. காலப் பாரேன், வெள்ள சாக்ஸ் போட்டுக்கினு நிக்குது, கான்வென்ட்டுக்குப் போற புள்ளயாட்டம்.”

அந்தப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தாள், சின்ன வயதில் நான் படித்துச் சொன்னதும் பார்ப்பாளே, அதே மாதிரி. அதற்குள் ரேஞ்சர் கை காட்டினார். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மருந்து ஊசியை டாக்டர்தான் சுட வேண்டும். அவர் ஸ்கோப் வைத்துச் சுட்டதில்லை. “எந்தப் புள்ளி?” என்று கேட்டார். “நாப்பது மீட்டர், நாலாம் புள்ளி சார். பின்தொடையில வெய்யுங்க” என்றேன். அவர் படுத்துக் குறி பார்த்தார். “ரொம்பக் கிட்ட தெரியுதேம்மா” என்றார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஸ்கோப் என்றால் கிட்டத்தானே தெரியும் என்று ரேஞ்சர் முணுமுணுத்தார்.

ஊசி மாட்டின் பின்கால்களுக்கு இடையில் போய்ச் சேற்றில் குத்தியது. மாடு ஒரு உதறு உதறிக் கரும்புக்குள் புகுந்தது. கரும்பு ஒடியும் சத்தம் வெகுதூரம் போனது.

டாக்டர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “என் கைதான் எறங்கிடுச்சு. ஒரு மொழம் கம்மி. அடுத்தத ஒரு மொழம் ஏத்திப் புடிக்கிறேன்.”

துப்பாக்கியை வாங்கியபோதுதான் வளையத்தைப் பார்த்தேன். ஒன்பதில் நின்றது.

விரலால் ஒரு திருப்பு திருப்பினால் போதும், யாருக்கும் தெரியாது. பழியை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் வளையத்தை நாலுக்குக் கொண்டுவந்து, அவரும் ஒரு முழம் ஏற்றிப் பிடித்தால், கடைசி ஊசி மாட்டின் முதுகுக்கு மேலே போய்விடும். மருந்து அது ஒன்றுதான் இருந்தது.

“சார், உங்க கை எறங்கல. வளையம் நாலுல இருக்கணும். ஒம்பதுல இருந்துச்சு. நாந்தான் திருப்புனேன்.”

ரேஞ்சர் திரும்பினார். “ஏன் திருப்புன?”

“எங்கம்மாவுக்குக் காட்றதுக்கு சார்.”

அவர் என்னை நிறையப் பேசினார். அதில் தவறான வார்த்தை ஒன்றுமில்லை. “இவ்வளவு தூரம் படிச்சிருக்கியே” என்று ஆரம்பித்த ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. டிரைவர் அண்ணன் ஜீப் கண்ணாடியை அவசியமில்லாமல் துடைத்தார். டாக்டர் சீட்டைத் தொட்டு, “இதுல ஏன் எழுதலை?” என்று கேட்டார். சீட்டின் மூலையை விரலால் அழுத்தி ஒட்டினேன். அவரும் விட்டுவிட்டார். “சரி, இப்ப எத்தனாம் புள்ளி, எங்க வெக்கணும்? அத மட்டும் சொல்லு.”

வளையத்தை நாலுக்குத் திருப்பினேன். அவர் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் வாங்கி, வளையத்தை அசையாதபடி சுற்றி ஒட்டினேன். ஜீப்பில் கிடந்த பொட்டுச் சாக்கை வரப்பில் சாய்த்து, பழகு ஊசி ஒன்றைச் சுட்டுக் காட்டினேன், பொட்டில் குத்தியது. பிறகு காத்திருந்தோம். வெயில் ஏறியது. அம்மா வரப்பிலிருந்து எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

“நான் பாத்ததாலயாடி?”

“இல்லம்மா. நான் காட்டுனதால.”

அவள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் திரும்பியதும் மாடு வாய்க்காலுக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. இந்தத் தடவை முப்பது மீட்டர். “ரெண்டாம் புள்ளி. வேற ஒண்ணும் ஏத்தாதீங்க, எறக்காதீங்க” என்றேன். சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: “ஒக்காந்துடுச்சு தங்கச்சி. தொடையில சேப்பு குஞ்சம் ஆடுது பாரு.” ஊசியின் வாலில் இருக்கும் சிவப்புக் குஞ்சத்தைச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மாடு சரிந்தது. கண்ணைத் துணியால் கட்டி, காலைப் பிணைத்து, பொக்லைன் வைத்து லாரியில் ஏற்றினோம். அதற்கு இருபது பேர் வேண்டியிருந்தது. வெள்ளிமலைப் பாதையில் ஏறிக் காட்டோரத்தில் இறக்கியபோது பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. டாக்டர் மயக்கம் தெளிய மாற்று மருந்து போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடிவந்தார். மாடு தலையைத் தூக்கியது. இரண்டு தடவை விழுந்தது. பிறகு எழுந்து நின்றது.

நடை சரியாக இருக்கிறதா என்று டாக்டர் என்னைப் பார்க்கச் சொன்னார். ஜீப் பானெட்டில் துப்பாக்கியைச் சாய்த்து, நாலு விரல் தள்ளிக் கண்ணை வைத்தேன்.

“சின்னதாத் தெரியுமே, பெருசு பண்ணிப் பாரேன். இப்பதான் ஊசி இல்லியே” என்றார் டிரைவர் அண்ணன்.

பிளாஸ்டரை நான் பிரிக்கவில்லை. நாலிலேயே பார்த்தேன். சிறியதாகத்தான் தெரிந்தது. வெள்ளைக் கால்கள் நாலும் மாறி மாறிப் போவது தெரிந்தது. நொண்டவில்லை. “நல்லா நடக்குது சார்” என்று சொல்லிவிட்டு, மரங்களுக்குள் மறையும்வரை கண்ணை எடுக்காமல் இருந்தேன். பிறகு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, கட்டையில் ஒட்டியிருந்த சீட்டின் தலைப்பில், டாக்டரின் பேனாவால், ‘வளையம் நாலில் இருக்க வேண்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கீழே இறங்கும் வழியில் எத்தனை வளைவு வந்தது என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன்.