அயன்களுக்குப் பெயர் வைக்கப் போய்

இரசாயனவியல் படிப்பிக்கிறவர்களுக்கு அமிலம் தெறித்து ஆபத்து வருவது குறைவு. சேர்வைகளுக்குப் பிள்ளைகள் வைக்கிற பெயரைக் கேட்டுத்தான் நெஞ்சு நிற்கும். உயர்தரம் முதலாம் ஆண்டு வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வந்தவை இரண்டு பேர்

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். "அயன் சேர்வையில் எத்தனை அயன் என்று பெயரில் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொன்றின் மின்னேற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்" என்று ஒரு கிழமையாகக் கத்திவிட்டுச் சோதனை வைத்தேன். ஒரு கல்சியத்தோடு இரண்டு குளோரின் சேர்ந்தால் கல்சியங் குளோரைட்டு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'கல்சியம் இருகுளோரைட்டு' என்று எழுதியிருந்தார்கள். தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அந்த 'இரு'வை எல்லாரையும் வெட்டச் சொன்னேன்.

முன்வாங்கில் இருந்து துவாரகா எழும்பினாள். புத்தூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி, வாய்க்காரியும்கூட. காபனீரொட்சைட்டில் மட்டும் இரண்டைக் குறிக்கிற 'ஈர்' வரலாமோ என்று கேட்டாள். அது அயன் சேர்வையில்லை, அங்கே எண்ணிக்கையைச் சொல்லத்தான் வேண்டும் என்று விளக்கினேன். அவளுக்குத் திருப்தியில்லை.

"வீட்டுக்கு இரண்டு பேர் வந்து நிக்க, ஒராளைப் பாத்து மட்டும் வாங்கோ எண்டு சொல்லுறதே, ரீச்சர்?"

ஆஸ்பத்திரியில் சோடியம்

சோடியம் தண்ணீரில் விழுந்து வெடிக்கும் வீடியோவை வகுப்பில் காட்டினேன். குளோரின் நச்சுவாயு என்றும் சொன்னேன். அடுத்தநாள் துவாரகாவிடமிருந்து போன்.

"ரீச்சர், அப்பாவுக்குச் சோடியமும் குளோரினும் ஏத்துகினம்! போத்தலிலை எழுதியிருக்கு. நான் நேர்ஸை மறிச்சு வச்சிருக்கிறன்!"

தகப்பன் வெங்காயத் தோட்டக்காரர், டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "விடு பிள்ளை, அது உப்புத்தண்ணி! சேர்ந்து குளோரைட்டு ஆனபிறகு அது வேறை பொருள்!" என்று போனில் கத்தினேன். பின்னேரம் பார்க்கப் போனபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. துவாரகா கட்டிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். தகப்பன் மெல்லச் சிரித்தார்.

"உவள் போட்ட சத்தத்திலை எனக்குக் காய்ச்சலே பயந்து விட்டிட்டுது, ரீச்சர்."

எழுத்து மாறினால்

இது சிரிக்கிற கதையில்லை. சல்பேற்றைச் சோதிக்கும் செய்முறை. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளுக்குச் 'சேர்', உதவிக்கு நின்றார். அலுமாரியில் இருந்து சோடியஞ் சல்பேற்று எடுத்துக் கரைத்து வைக்கச் சொன்னேன். அவர் கரைத்தது சோடியஞ் சல்பைட்டு. பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, போத்தல்கள் இரண்டும் ஒரே மாதிரி.

முதல் குழு அமிலம் விட்டதும் கூழ்முட்டை நாற்றம். ஐதரசன் சல்பைட்டு, ஆளைக் கொல்லக்கூடிய வாயு! "எல்லாரும் வெளியாலை!" என்று அலறி, இருமிக்கொண்டு நின்ற பிள்ளையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வேப்பமரத்துக்குக் கீழே ஒவ்வொருவராக எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். இருமின பிள்ளைக்கும் கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சீராகியது. சேர் வெளிறிப்போய் நின்றார். அப்போது பக்கத்தில் துவாரகாவின் குரல்.

"எழுத்துப் பிழைக்கு நீங்கள் அரைப்புள்ளிதானே குறைப்பியள், ரீச்சர், உது ஆக்களையே குறைக்கப் பாத்தது!"

பெயர் சொல்லிக் கொடுக்கிற வேலைதானே, லேசாக இருக்கும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிறஷர்க் குளிசை போடுகிறேன்.