ஹார்ட் டிஸ்க் யார் கையில்?

கோவில்பட்டியில் லேப்டாப் பழுதுபார்க்கும் முத்துசெல்வியிடம் ஒருமுறை போனவர்கள், மறுமுறை வைதுகொண்டேதான் போவார்கள். ஆனால் போவார்கள். மூடியைத் திறந்ததுமே அவள் ஆரம்பித்துவிடுவாள்.

"கீபோர்டுக்குள்ள காராச்சேவு கிடக்கு. தட்டுனீங்களா, தின்னீங்களா?"

விசிறியைக் கழற்றினால் கரிசல் புழுதி மெத்தை மாதிரி படிந்திருக்கும். "ஒரு புஞ்சையையே உள்ள வச்சிருக்கீங்க. மழை பெஞ்சா உளுந்து விதைக்கலாம்."

வசவைவிட எரிச்சலூட்டுவது அவளுடைய ஒரு வழக்கம். தெருவைப் பார்த்த மேசையில், கொண்டுவந்தவர் எதிரே நிற்கும்போதுதான் லேப்டாப்பைத் திறப்பாள். ஹார்ட் டிஸ்க் வெளியே வந்ததும், "கையை நீட்டுங்க" என்பாள். மறுபடி மாட்டும்வரை அதை அவர்தான் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும்.

"நான் என்ன விபூதி வாங்கவா வந்தேன்?" என்று கேட்டவர்கள் உண்டு.

"பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போங்க."

இந்த வழக்கத்துக்குக் காரணம் அவளுடைய முதல் வேலை. நாகலாபுரத்தில் ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்து, பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பைப் பிரித்து மாட்டியே தொழில் பழகியவள். கோவில்பட்டியில் ஒரு கடையில் சேர்ந்தாள். அந்த முதலாளி ஒரு போட்டோக்காரரின் புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பினார். குட்டு வெளிப்பட்டதும் முத்துசெல்வியைக் கைகாட்டினார். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தாள். போட்டோக்காரர் அப்போதும் நம்பவில்லை. "கற்பூரத்துல கையைச் சுடுறது லேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தியம் செல்லாது, பொருளையே அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அன்று முடிவுகட்டினாள்.

போன புரட்டாசியில், மழை வராமல் புழுதி மட்டும் பறந்த ஒரு முற்பகலில், அந்த வழக்கமே அவள் கடைக்கு வினையாக வந்தது.

சத்யபிரியா இரண்டு லேப்டாப்களோடு வந்தாள். வேல்சாமியின் தீப்பெட்டி ஆலையில் லேபிள் வரைந்துகொண்டிருந்தவள். சண்டை போட்டு வெளியேறி, போட்டி ஆலையில் சேர்ந்திருந்தாள். அவளுடைய சொந்த லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. பழைய சந்தையில் வேறொன்று வாங்கியிருந்தாள்.

"இதுல உள்ள டிஸ்க்கை அப்படியே அதுல மாட்டிருங்கக்கா. விண்டோஸ், வரையுத சாப்ட்வேர் எல்லாம் இதுலதான் இருக்கு. புதுசா ஏத்த எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

"மாட்டுதேன். வேற உடம்புல பழைய உசுரு. ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. ஓடலைன்னா என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது."

டிஸ்க்கை உருவி எடுத்த நேரம், ஸ்கூட்டர் வந்து நின்றது. வேல்சாமி. ஆலைக்கு மட்டுமல்ல, முத்துசெல்வியின் கடை இருக்கும் கட்டடத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர். யாரோ போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

"ஏட்டி, நிறுத்து. அதை என் கையில குடு."

"லேப்டாப் உங்களுதா அண்ணாச்சி?"

"லேப்டாப் அவளுது. உள்ள இருக்கது என் லேபிளு. என் சம்பளத்துல வரைஞ்சது. எதிராளிக்குக் கொண்டு போறா."

"சம்பளம் குடுத்தீங்க, லேப்டாப் குடுத்தீங்களா?" என்றாள் சத்யபிரியா. "ஆபீசுக்கு ஒண்ணு வாங்குங்கன்னு கேட்டதுக்கு, ஒன் கல்யாணத்துக்குச் சீர் செய்யச் சொல்லுதியான்னு கேட்டீங்கல்லா?"

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. மேசைக்கு மேல் இரண்டு கைகள் நீண்டிருந்தன.

"நீ இருக்கது என் கட்டடம். நினைப்பிருக்கட்டும்" என்றார் வேல்சாமி.

"நினைப்பிருக்கு. மழைக்கு ஒழுகும்போதெல்லாம் நினைக்கேன்."

"அவ கையில குடுத்தா, இன்னைக்கே சாமானைத் தூக்கிட்டுக் கிளம்பணும்."

சிரிப்பு நின்றது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அவள் பெயர் எடுத்திருந்தாள். பஜாரில் தரைத்தளத்தில் இன்னொரு கடை கிடைப்பது குதிரைக் கொம்பு. முத்துசெல்வி சத்யபிரியாவிடம் திரும்பினாள்.

"அவிய லேபிளு உள்ள இருக்கா?"

"இருக்கு. நான் வரைஞ்சது."

"அப்ப அவிய சொல்லுததும் முழுப் பொய் இல்ல."

"அக்கா!"

"அக்கா நொக்கான்னு கூப்பிடாத. கையை நீட்டு."

டிஸ்க்கை சத்யபிரியாவின் உள்ளங்கையில் வைத்தாள். "அண்ணாச்சி, உங்க வழக்கை ஸ்டேஷன்ல சொல்லுங்க, கோர்ட்டுல சொல்லுங்க. இந்த மேசையில, கொண்டுவந்த ஆளு கையிலதான் போகும்."

மற்ற லேப்டாப்பிலிருந்த டிஸ்க்கைக் கழற்றி சத்யபிரியாவின் இன்னொரு கையில் வைத்துவிட்டு, முதல் டிஸ்க்கை வாங்கி மாட்டி, பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை. டிஸ்க்கே இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

"சாமி இருக்குலே!" என்று கைதட்டினார் வேல்சாமி. "கடையும் போச்சு, டிஸ்க்கும் போச்சு."

சத்யபிரியா அழ ஆரம்பித்தாள். "மூக்கைச் சிந்தாதன்னு சொன்னேன்" என்று முத்துசெல்வி அதட்டினாள். பழைய டிஸ்க் பழைய முறையில் கிளம்பும். இந்த லேப்டாப் புது முறையில் தேடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் செட்டிங்குக்குள் போய் அதைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினாள். புள்ளிகள் சுற்றின. நின்றது. தானாக அணைந்து மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் வேல்சாமி செருமினார். கடைசியில், புதுத் திரைக்குப் பொருந்தாமல் உப்பிப்போன எழுத்துகளில், சத்யபிரியாவின் பெயர் வந்தது.

"மூலையில விண்டோஸ் லைசென்ஸ் என்னமோ கேக்குதே?" என்றாள் சத்யபிரியா.

"கேக்கட்டும். இடம் மாறுனா நாலு பேரு கேக்கத்தான் செய்வாங்க. பிறகு பாத்துக்க. கோப்பெல்லாம் இருக்கா?"

இருந்தன. சத்யபிரியா மூடியை அடைத்து, எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"பாத்தியா, இவளுக்காகவா?" என்றார் வேல்சாமி.

"அவளுக்காகன்னு யாரு சொன்னா?"

சாயங்காலத்துக்குள் மேசையையும் கருவிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். கடைசியில் வாசல் போர்டு. அவளிடம் இருந்ததெல்லாம் லேப்டாப்புக்கான குட்டி ஸ்குரூடிரைவர்கள். வேல்சாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பெரிய ஸ்குரூடிரைவர் இருக்கா?"

"இருக்கு. தர மாட்டேன்."

கையில் இருந்ததை வைத்தே திருகினாள். ஒரு ஸ்குரூ வந்தது. மற்றதன் தலை தேய்ந்து வழுக்கிவிட்டது. போர்டு ஒற்றை ஸ்குரூவில் செங்குத்தாகத் தொங்கியது. அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

இன்று அவள் கடம்பூர் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கடைக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்து போர்டிலுள்ள போன் நம்பரைப் படித்து, அவளைக் கூப்பிடுகிறார்கள். "அதைக் கழட்டி எறியுங்களேன்" என்று வேல்சாமியிடம் பலர் சொல்லிவிட்டார்கள்.

"மாட்டுனவதான் கழட்டணும்" என்கிறார் அவர்.

முத்துசெல்வியிடம் கேட்டால், "ஸ்குரூடிரைவர் அவியகிட்டதான இருக்கு" என்கிறாள்.