ஒரு சாண் இடம்

எங்கள் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது கார்க் பந்தில் ஆடக் கூடாது. தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பெரியவர்கள் அறுந்ததை முடிந்துகொண்டிருப்பார்கள். கார்க் பந்து விழுந்தால் ஒரு கல்யாணப் புடவையே போச்சு. பாவுப் பக்கம் வரும் பந்தை யார் பிடித்தாலும், சொந்த அணி ஆளே பிடித்தாலும், அடித்தவர் அவுட். இதுவும் தெருச் சட்டம்.

அந்த ஞாயிறு காலை தெருவில் இருந்தது எங்கள் வீட்டுப் பாவு. ரப்பர் பந்து சாக்கடையில் போய்விட்டது. கடைசிப் பந்து, மூன்று ரன் வேண்டும், மட்டை என் கையில். பத்து வயதுத் திமிர். அண்ணனின் கார்க் பந்தை ஒளித்து எடுத்து வந்தது நான்தான்.

முழு பலத்தோடு மட்டையை வீசினேன். பந்து நேராகப் பாவை நோக்கிப் பறந்தது. அங்கே நின்றிருந்த மாமா, அம்மாவின் தம்பி, என் அணி ஆள், இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்துவிட்டார்.

"அவுட்டு! போமா ஓரமா!" எதிரணி குதித்தது.

"இன்னா மாமா நீ? நம்ம டீமுதானே? உட்டிருந்தா ஃபோர் போயிருக்கும்!"

"ஆமாமா, பாவு அறுந்து உங்கப்பா முதுகு மேல கடனா ஏறியிருக்கும்."

பந்தோடு கையைப் பாக்கெட்டில் விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. துரோகி என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மதியம் சோறு போடும்போது அம்மா மாமாவிடம் கேட்டாள். "வெரலு இன்னாடா இப்டி வீங்கிக்கினு இருக்குது?"

"கதவுல நசுங்கிச்சிக்கா."

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். பந்தால்தான் வீங்கியது என்று தோன்றவே இல்லை. மாமா எத்தனையோ கேட்ச் பிடித்து நான் பார்த்திருக்கிறேன். பந்து வரும்போதே கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போவார். ஒருநாளும் வலித்ததில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் ஆசிரியர் அதையே பாடமாக நடத்தினார். கையைப் பின்னால் இழுத்தால் பந்து நிற்க நேரம் கிடைக்கும், கையில் விழும் விசை குறையும். இழுக்காமல் பிடித்தால் அதே பந்து ஒரே நொடியில் மொத்த அடியையும் கையில் இறக்கிவிடும். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

புடவை நல்லபடியாக முடிந்து யார் கல்யாணத்துக்கோ போனது. மாமாவின் விரல் இன்றும் கொஞ்சம் கோணல். கேட்டால் கதவு என்றுதான் சொல்கிறார், சிரித்துக்கொண்டே.

அன்று அவர் முதுகுக்கும் பாவுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு பின்னால் போக அவருக்கு இடமே இல்லை. துரோகி என்று கத்திய கழுதைக்கு அது தெரியவில்லை.