பக்கம் இல்லாத பெயர்கள்

மாஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமல்ல, அவருடைய கணினித் திரைதான். மங்கிப்போன பழைய திரை. ஒரு நாள் காலை அதில் மஞ்சள் பட்டைகளின் மேல் சிவப்பு எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் தெரிந்தன. தேநீர்க் கோப்பையோடு அவர் மேசையைக் கடந்துபோன நான் அப்படியே நின்றுவிட்டேன். யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்த காலம். கண்டி வாவிக்குப் பக்கத்தில், ஓர் அரச அலுவலகத்தில், யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் புலிக்கொடியின் நிறத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அலுவலகத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது எங்கள் வேலை. அவர் முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் பியோன் முதல் பணிப்பாளர் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கலியாணம் கட்டவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு போர்டிங் அறையில் தனியே இருந்தார். நான் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு இங்கே ஒரு புடவைக்கடை இருந்தது. என் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். அதைத் தவிர நாள் முழுக்க எங்களுக்குச் சிரிக்க வேறு காரணம் இருந்ததில்லை.

கலைச்சொற்களைச் சேர்த்து வைக்க மாஸ்டர் கணினியில் தமக்கென்று, விக்கிப்பீடியா மாதிரி, ஒரு விக்கி வைத்திருந்தார். குறிப்பு எழுதும்போது ஒரு சொல்லை இரட்டை அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும். அந்தச் சொல்லுக்குப் பக்கம் இருந்தால், அழுத்தியதும் திறக்கும். இல்லாவிட்டால் ஒரு வெறும் பக்கம் வந்து, 'இந்தப் பக்கம் இன்னும் இல்லை, எழுதுகிறீர்களா?' என்று கேட்கும். இரண்டு வகை இணைப்புகளுக்கும் வெவ்வேறு நிறம் கொடுக்கலாம். மாஸ்டருக்கு இந்த நிற விளையாட்டில் ஒரு குழந்தைத்தனமான ஆசை இருந்தது. ஒரு வாரம் பச்சை, மறு வாரம் ஊதா. சுற்றறிக்கை காத்துக் கிடக்கும், இவர் இணைப்புகளின் அடிக்கோட்டுத் தடிப்பைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

யுத்தம் நடந்த வன்னிக்குத் தொலைபேசி எடுபடாமல் போனபிறகு அந்த விக்கியில் ஒரு புதுப் பக்கம் முளைத்தது. அதில் முதல் பெயர் அவருடைய தங்கை. கலியாணம் கட்டிக் கிளிநொச்சிப் பக்கம் போனவள், அவருக்கிருந்த ஒரே உடன்பிறப்பு. அவளுக்குக் கீழே அவள் வீட்டார், அயலவர், அவரிடம் படித்த பிள்ளைகள். ஒருவரைப் பற்றி எங்கிருந்தாவது ஒரு தகவல் வந்தால்தான் அவருக்குப் பக்கம் திறப்பார். 'இன்ன இடத்தில் இருக்கிறார்' என்று ஒரே ஒரு வரி. உடனே அந்தப் பெயர் நீலமாகிவிடும். தகவல் வராதவர்களுக்கு எந்த நிறம் என்று யோசித்துத்தான் அன்று மஞ்சளையும் சிவப்பையும் தேர்ந்தெடுத்திருந்தார்.

அன்று நான் தேநீர்க் கோப்பையை அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். எண்பத்து மூன்றில் கலவரக்காரர்கள் தெருவுக்கு வருமுன் அப்பா கடைப் பெயர்ப்பலகையை இறக்கியதைப் பார்த்தவள் நான். திரும்ப ஏற்றியபோது அதில் தமிழ் எழுத்து இல்லை. பயம் எனக்கு அப்போதிருந்தே பழக்கம்.

"மாஸ்டர், இந்தக் கலரு வேணாங்க."

"ஏன் பிள்ளை? என்ர கண்ணுக்கு இதுதான் வடிவாத் தெரியுது. மஞ்சளும் குங்குமமும், மங்களமா இருக்கெல்லே?"

நான் கதவைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயோ கடவுளே" என்று முதலில் சிரித்தார். பிறகு முகம் வெளுத்தது. அன்று அவர் நிறத்தை மாற்றவில்லை, எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டார். அடிக்கோடும் இல்லை. இணைப்பு எது, சும்மா எழுத்து எது என்று பார்த்தால் தெரியாது. சில வாரங்களுக்குப் பின் சிவில் உடையில் இரண்டு பேர் வந்து வடக்கு முகவரியுள்ள அடையாள அட்டைக்காரரை விசாரித்தார்கள். ஒருவன் திரையை எட்டிப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சொந்தக்காரரின் பெயர்கள் என்றார் மாஸ்டர். கறுப்பு எழுத்தில் ஒரு சாதாரணப் பட்டியல். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தபிறகுதான் மாஸ்டர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

நிறம் போனபிறகு மாஸ்டருக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு பெயராக அழுத்துவார். தங்கையின் பெயரை அழுத்துவார், வெறும் பக்கம் வரும். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மூடுவார். அடுத்த பெயர். மழை நாளில் ஹந்தானை மலை முழுவதும் மூடிக்கிடக்கும். அறைக்குள் அவருடைய மௌஸ் அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எழுதினாத்தானே மாஸ்டர் அதுல ஏதும் வரும்? சும்மா அழுத்தினா எப்படி வரும்?"

"தெரியும் பிள்ளை," என்றார். "சும்மா பாக்கிறன்."

யுத்தம் முடிந்த அன்று கண்டித் தெருவெல்லாம் பட்டாசு வெடி. அலுவலகத்தில் வெற்றியைக் கொண்டாடப் பாற்சோறு பகிர்ந்தார்கள். எங்கள் அறைக்கும் ஒரு தட்டு வந்தது. கொண்டுவந்த பெண் நல்லவள்தான், மனதாரத்தான் நீட்டினாள். மாஸ்டர் எழுந்து நின்று வாங்கி, அவள் முன்னாலேயே ஒரு துண்டைச் சாப்பிட்டார். நான் என் துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்தேன். அவர் எப்படி விழுங்கினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, விக்கியையும் பிரதியெடுத்துக்கொண்டு, முகாம்களில் தேட வவுனியாவுக்குப் போனார். பிறகு லீவை நீட்டினார், பிறகு அங்கேயே இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மேசையில் கோப்புகளை அடுக்கினார்கள். தமிழில் ஒரு சொல்லுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாமல், எதிரே ஒரு கோப்புக் குவியலோடு, அந்த அறையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். தனிமை என்றால் வீட்டில்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பேச ஆளில்லாத பொழுதுகளில் எழுத எனக்கும் ஒரு விக்கி இருக்கிறது. மகன் அதைக் கைபேசியில் போட்டுத் தந்துவிட்டு, "என்ன கலர் வேணும்மா?" என்று கேட்டான். அது எப்படி வருதோ அப்படியே இருக்கட்டும் என்றேன். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. மாஸ்டர் கடைசியாக என்னோடு பேசியதும் அந்த நிறங்களைப் பற்றித்தான்.

இடமாற்றலாகிப் போன பிறகு ஒரு நாள் வவுனியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்திருந்தார். தங்கையின் மகளை ஒரு முகாமில் கண்டுபிடித்துக் கூட்டிவந்துவிட்டதாகச் சொன்னார். சந்தோஷம் என்றேன். தங்கையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"தங்கச்சியின்ர உயிர் போகேக்க மகள் பக்கத்தில நிண்டவளாம். பிள்ளை கண்ணால கண்டிருக்கிறாள்."

பிறகு பேச்சை விக்கிக்குத் திருப்பினார்.

"விக்கியில நிறங்களைத் திரும்பப் போட்டிட்டன் பிள்ளை. இஞ்ச ஆரும் எட்டிப் பாக்க மாட்டினம். தங்கச்சிக்கும் பக்கம் எழுதினன். இடமும் திகதியும், அவ்வளவுதான். எழுதி முடிச்சிட்டுப் பாக்கிறன், அவளின்ர பெயர் நீலமா வந்து நிக்குது. இருக்கிற ஆக்களோட ஆளா."

"இல்லாதவங்களுக்குன்னு வேற கலர் வெச்சு மாத்திடலாங்களே மாஸ்டர்," என்றேன்.

"மாத்தலாம்," என்றார். "மாத்தத் தெரியும் பிள்ளை. மாத்தேல்லை."